தூதும் ஒற்றும்: புறநானூறு 47-உம் இக்காலத் தூதர் விலக்குரிமையும்

வேற்று நாட்டுத் தூதரைச் சிறைப்படுத்தலும், தம் நீதிமன்றத்தில் நிறுத்தித் தண்டித்தலும் கூடா என்பது இக்காலப் பன்னாட்டுச் சட்டத்தின் உறுதியான நெறி. இதனைத் தூதர் விலக்குரிமை என்பர். இந்நெறி சங்க காலத்திலேயே நிலவிற்று என்பதற்குப் புறநானூற்று 47-ஆம் பாட்டைச் சான்றாகக் காட்டத் தோன்றும். அது பொருந்துமா என்பதை ஈண்டு ஆராய்வோம்.

நலங்கிள்ளியிடமிருந்து உறையூர் புகுந்த இளந்தத்தன் என்னும் புலவனை ஒற்றன் எனக் கருதி நெடுங்கிள்ளி கொல்லப் புகுந்தான். கோவூர் கிழார் பாடி உய்வித்தார் என்று பழங்குறிப்புக் கூறும். துறை துணைவஞ்சி. புலவர் வாதம் யாது? பரிசிலர் பறவைபோல் நெடுவழி கடந்து வள்ளல்களை நாடுவோர். பெற்றதைச் சேமியாது சுற்றத்தை ஊட்டுவோர். கல்வியில் மாறுபட்டாரை நாணச் செய்தலன்றிப் பிறர்க்குத் தீதறியார். நிலமாளும் வேந்தரோடு ஒத்த பெருமிதமும் உடையர் என்பதே.

நுணுகி நோக்கின், ‘ஒற்றனாயினும் கொல்லற்க’ என்று அவர் கூறினாரல்லர். ‘பரிசிலர் ஒற்றர் அல்லர்’ என்பதே அவர் கருத்து. ஐயம் மெய்யாகியிருப்பின் இளந்தத்தனைக் காக்க அப்பாட்டில் ஒரு சொல்லும் இல்லை. அவன் தூதனாக வந்தான் எனப் பாட்டும் குறிப்பும் சொல்லவில்லை என்பதும் கருதத்தக்கது.

1961-இல் உருவாகி 1964-இல் நடைமுறைக்கு வந்த வியன்னா உடன்படிக்கையின் நிலை வேறு. இந்தியா இதற்கெனச் சட்டம் இயற்றியது 1972-இல். அவ்வுடன்படிக்கையின் 29-ஆம் பிரிவின்படி தூதர் உடலும் உரிமையும் மதிப்பும் தீண்டத்தகாதன. அவர் ஒற்று வேலை செய்தார் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் 9-ஆம் பிரிவின்படி ‘ஏற்கத்தகாதவர்’ என அறிவித்து வெளியேற்றலாமேயன்றிச் சிறையிடலாகாது. இவ்வுரிமை தூதருடையதும் அன்று. அவரை அனுப்பிய நாட்டினது. ஆதலின் அந்நாடு விரும்பின் அதனை விட்டுக்கொடுக்கலாம்.

இந்நெறிக்கு நெருங்கிய இலக்கியச் சான்று கம்பராமாயணச் சுந்தர காண்டத்திலேயே உளது. தூதனைக் கொல்லுதல் தகாது என வீடணன் தடுக்க, இராவணன் உடன்படுகின்றான்; ஆயின் வாலில் தீயிட ஏவுகின்றான். உயிர் காக்கப்பட்டது, மதிப்புக் காக்கப்படவில்லை. இக்காலச் சட்டத்தின்படி இதுவும் மீறலே.

வள்ளுவர் ஒற்றாடலை 59-ஆம் அதிகாரத்திலும் தூதினை 69-ஆம் அதிகாரத்திலும் வைத்தார். இருவரும் வேறு என்பது அவர்க்குத் தெளிவு. எனினும் 690-ஆம் குறள், தன் உயிர்க்கு இறுதி நேரினும் அஞ்சாது வேந்தனுக்கு நன்மை தேடுவதே தூது என்கின்றது. தூதனுக்கு உயிர்க்காப்பு முற்றும் உறுதியாயின் இவ்வாறு சொல்லவேண்டிய தேவை எழாது. ஆதலின் பண்டைத் தமிழகத்தில் இது அறமாகப் போற்றப்பட்டிருக்கலாம். மீறவொண்ணாச் சட்டமாக இருந்தது எனத் துணிதல் மிகையே.

‘துணைத்தூதர்’ என்னும் இக்கால ஆட்சியும் மயக்கந் தருவது. கடலூரை அடுத்த புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சுத் துணைத்தூதரகத்து அலுவலர், தூதரில் ஒருபடி தாழ்ந்தவர் என்றே அச்சொல்லால் எவரும் கொள்வர். அன்று, அவர்தம் பதவி வேறு, அதற்குரிய உடன்படிக்கையும் வேறு, அது 1963-இல் உருவானது. அலுவல் முறையிற் செய்தனவற்றிற்கே அவர்க்கு விலக்குண்டு. கொடுங்குற்றத்திற்கு நீதித்துறையின் ஆணைப்படி கைது செய்யவும் படுவர். இதற்கு வேறொரு தனிச்சொல் வேண்டும் என யாம் கருதுகின்றோம்.