நகர வாசலில் இறங்கும் பொதிகள்

ஐரோப்பிய நகரமொன்றின் பழைய கடைத்தெருவைக் காலை வேளையிற் காண்போருக்கு ஒரு காட்சி தவறாது தென்படும். பால் கொண்டுவந்த லொறி பாதையை அடைத்து நிற்கும். அதன் பின்னால் துணிக்கடைக்கு வந்த லொறி. அதற்கும் பின்னால், புத்தகக்கடைக்கு இரண்டே பெட்டிகளைச் சுமந்துவந்த வான். ஒவ்வொன்றும் வெவ்வேறு கம்பனிக்குரியது. பலவற்றிற் பாதியிடம் வெறுமை. நெடுந்தூரத்தைச் சிக்கனமாகக் கடந்து வந்த சரக்கு, கடைசி ஒரு மைலிலேதான் பணத்தையும் நேரத்தையும் நகரமக்களின் மூச்சுக் காற்றையும் விழுங்கிவிடுகின்றது.

இதற்குச் சொல்லப்படும் பரிகாரம் எளிதானது. நகரத்தின் ஓரத்தில் ஒரு பண்டகசாலையை அமைப்பது. பெரிய லொறிகள் யாவும் அங்கேயே பாரத்தை இறக்கிவிட்டுத் திரும்புவது. இறங்கிய பொதிகளைத் தெருத்தெருவாகப் பிரித்து, ஒரு தெருவுக்கு ஒரு சிறு மின்வண்டியாகவோ, பெட்டி பூட்டிய துவிச்சக்கர வண்டியாகவோ அனுப்புவது. கேட்டமாத்திரத்தில், இதனை எல்லா நகரங்களும் ஏன் செய்யவில்லை என்றே தோன்றும்.

சிக்கல் வண்டியில் இல்லை, கூலியில் இருக்கின்றது. ஒருமுறை ஏற்றிய பொதியை நடுவழியில் இறக்கி மறுபடியும் ஏற்றவேண்டும். அதற்கு ஆட்கூலி உண்டு. கட்டடத்துக்கு வாடகையும் உண்டு. இதை யார் கொடுப்பது? லொறிக் கம்பனியோ, தன் வண்டி எப்படியும் கடை வாசல்வரை போகத்தானே செய்கிறது என்னும். கடைக்காரரோ, சரக்கின் விலையிலேயே கொண்டுவரும் கூலியும் அடங்கிவிட்டது என்பார். நல்ல காற்றைப் பெறும் தெருவாசிக்குப் பற்றுச்சீட்டு அனுப்புவாரே இல்லை. நெதர்லாந்தின் லெய்டன் நகரில் 1990களின் பிற்பகுதியில் தொடங்கிய இத்தகைய நிலையம் சில ஆண்டுகளுக்குள் மூடப்பட்டமைக்கு, போதிய சரக்கு சேராமையும் ஒரு காரணமாகும்.

ஆயினும் அதே தேசத்திலே, உட்ரெக்ட் என்னும் நகரத்தின் வரலாறு வேறுவிதமாய் அமைந்தது. ஒல்லாந்தர் என்றதும் கொழும்பிலிருந்து நீர்கொழும்பு வழியாக வடக்கே செல்லும் கால்வாய் இலங்கை நேயர்களின் நினைவுக்கு வரக்கூடும். சரக்கை நீர்வழியே கொண்டுசெல்லுதல் அம்மக்களுக்குப் பழகிய தொழிலே. உட்ரெக்டின் நடுவே ஓடும் பழைய கால்வாயின் இருமருங்கிலும், நீர்மட்டத்தை ஒட்டித் துறைமேடைகள் உள்ளன. மத்திய காலத்து வணிகர்கள் படகிலிருந்து இறக்கிய சரக்கை நேரே வீட்டுக்குள் கொண்டுபோகும் பொருட்டு, தெருவின் அடியிலே வளைவுக் கூரையுடைய நிலவறைகளைக் கட்டினர். இன்று அவ்வறைகள் பலவற்றில் உணவுச்சாலைகளும் தவறணைகளும் நடைபெறுகின்றன. தெருவோ அவ்வறைகளின் கூரைமேற் செல்கின்றது! அதன்மீது பாரலொறி ஏறினால் நூற்றாண்டுகள் பழைமையான செங்கல் வளைவுகள் தாங்குமா?

தாங்கா என்று கண்ட நகரசபை, கனரக வண்டிகளைக் கட்டுப்படுத்திற்று. பியர்ப் பீப்பாக்கள் வேறு எவ்வழியாற் போவது? 1996ஆம் ஆண்டில் நகரசபையே ஒரு படகை வெள்ளோட்டம் விட்டது. மக்கள் அதற்குப் ‘பியர்ப் படகு’ என்று பெயரிட்டனர். 2010இல் அதன் இடத்துக்கு மின்கலத்தால் இயங்கும் படகு வந்தது. இரவில் மின்னேற்றம் பெற்று, பகலிற் பீப்பாக்களையும் உணவுப் பொருள்களையும் சுமந்து, தன்மீதுள்ள பாரந்தூக்கியால் துறைமேடையில் இறக்கிவைக்கும் படகு அது. இங்கே எவரும் கடைக்காரரிடம் சூழலைக் காக்குமாறு கெஞ்சவில்லை என்பது கவனிக்கத்தக்கது. தெருவின் விதி லொறியைத் தடுத்தது, படகு பிழைத்தது.

கால்வாயை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் கடைகளுக்கு, 2009இல் ‘கார்கோஹொப்பர்’ என்னும் மின்வண்டி வந்தது. மூன்று பெட்டிகளைத் தொடுத்து இழுக்கும் அவ்வண்டித் தொடரின் நீளம் 16 மீற்றர், அகலமோ 1.25 மீற்றர் மட்டுமே. மணிக்கு 20 கிலோமீற்றருக்குமேல் ஓடாத இவ்வண்டியின் கூரையிற் சூரிய ஒளியை மின்னாக்கும் பலகைகள் பொருத்தப்பட்டிருந்தன. லொறிகளுக்கு அனுமதியில்லாத நேரத்திலும் இதற்கு உள்ளே செல்ல அனுமதியிருந்தது. அச்சலுகையின் பெறுமதி மின்கலத்தின் பெறுமதிக்குச் சற்றும் குறைந்ததன்று.

நெய்மேகன் நகரில் 2008இல் தொடங்கிய நிலையம் மற்றொரு வழியைக் கண்டது. அது லொறிக் கம்பனிகளை நாடாமல் நேரே சிறு கடைக்காரர்களிடம் சென்றது. சரக்கு வந்துசேரும் விலாசமாக நிலையத்தின் விலாசத்தைக் கொடுத்தாற் போதும். அடிப்படைச் சேவைக்குக் கட்டணமில்லை. சரக்கைச் சிலநாள் வைத்திருத்தல், வாடிக்கையாளர் வீட்டுக்குச் சேர்த்தல், வெற்று அட்டைப் பெட்டிகளைத் திரும்ப எடுத்துச்செல்லல் ஆகியவற்றுக்கே பணம். தொடக்கத்திற் சுமார் 20 ஆயிருந்த கடைகள் ஓராண்டிலே நூறை நெருங்கின. லொறிகளின் ஓட்டம் குறைந்தது மெய். ஆயினும் நகரக் காற்றில் மாற்றம் மிகச் சிறிதே. கார்களும் பஸ்களும் முன்போலவே ஓடிக்கொண்டிருந்தன அல்லவா?

2025 ஜனவரி 1ஆம் தேதி முதல் உட்ரெக்ட், ஆம்ஸ்டர்டாம் உட்படப் பல ஒல்லாந்து நகரங்களின் நடுப்பகுதி, புகையற்ற சரக்கு வலயமாக்கப்பட்டிருக்கின்றது. புதிதாகப் பதிவுபெறும் வான்களும் லொறிகளும் புகை கக்காதனவாயின் மட்டுமே உள்ளே செல்லலாம். பழையவற்றுக்குப் படிப்படியான தவணை உண்டு. பெரிய கம்பனி மின்வண்டியை வாங்கிவிடும். பழைய டீசல் வான் ஒன்றையே முதலாகக் கொண்டு பூவோ பாற்கட்டியோ விற்கும் சிறு வணிகருக்கு அது எளிதன்று. தவணை முடியும் நாளில், அவர் தம் கூடைகளை நகர வாசலிலுள்ள பண்டகசாலையில் இறக்கவேண்டியிருக்கும். கூடையொன்றுக்கு அங்கே என்ன கூலி கேட்பார்கள் என்பதிலேதான், அவர் அத்தெருவுக்குத் தொடர்ந்து விற்பாரா அன்றி அதனைப் பெரிய கம்பனிகளுக்கே விட்டுவிடுவாரா என்பது தங்கியிருக்கின்றது.