உரிமத் தேர்வில் படிப்பு எவ்வளவு, அனுபவம் எவ்வளவு?

நம் ஊரில் ‘நர்சிங் ஹோம்’ என்றால் பிரசவத்துக்கும் குடல்வால் அறுவைக்கும் போகிற சின்னத் தனியார் மருத்துவமனை. அமெரிக்காவில் அந்தச் சொல்லுக்குப் பொருள் வேறு. தானாக எழுந்து குளிக்க முடியாத முதியவர்கள், பக்கவாதம் வந்து மெல்லத் தேறுபவர்கள், மறதி நோய் முற்றியவர்கள் மாதக்கணக்கில், பல சமயம் கடைசி மூச்சு வரை, தங்கியிருக்கும் இடம் அது. நாடு முழுக்க ஏறத்தாழ 15,000 இல்லங்கள் இருக்கின்றன. அவற்றில் 12 லட்சம் பேர் வரை வாழ்கிறார்கள். ஒவ்வொரு இல்லத்துக்கும் ஒரு நிர்வாகி உண்டு. அவர் மருத்துவராகவோ செவிலியராகவோ இருக்க வேண்டியதில்லை. ஆனால் மாநில அரசின் உரிமம் இல்லாமல் அந்தப் பொறுப்பில் அமர முடியாது. உரிமம் வேண்டுமென்றால் தேர்வு எழுத வேண்டும்.

அந்தத் தேர்வைப் பற்றிய பழைய கேள்வி ஒன்று உண்டு. கல்லூரியில் நிர்வாகம் படித்து வந்தவர் நன்றாக எழுதுவாரா, இல்லத்திலேயே பல வருஷம் உழைத்து வந்தவர் நன்றாக எழுதுவாரா? கேட்டதும் ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்துவிடத் தோன்றும். அப்படிச் சாய்வதற்கு முன், தேர்வு எப்படி வந்தது, அதில் என்ன கேட்கிறார்கள் என்று பார்த்துவிடலாம்.

1965-இல் மெடிகேர், மெடிகெய்டு என்ற இரண்டு அரசுத் திட்டங்கள் வந்தன. முதியோர் இல்லங்களுக்கு அரசுப் பணம் பெருமளவில் போகத் தொடங்கியது. பணம் போகிற இடத்தை நடத்துபவர் யார், அவருக்கு என்ன தெரியும் என்ற கேள்வி அதன் பின்னாலேயே வந்தது. செனட்டர் எட்வர்ட் கென்னடி கொண்டுவந்த திருத்தம் 1967-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் திருத்தங்களில் இடம்பெற்றது. மெடிகெய்டில் சேரும் மாநிலங்கள் முதியோர் இல்ல நிர்வாகிகளுக்கு உரிமம் வழங்கும் முறையை 1970-க்குள் ஏற்படுத்த வேண்டும் என்று அது சொன்னது.

அதே 1970-இல் நடந்த இரண்டு சம்பவங்கள், இந்த உரிமம் வெறும் காகிதமல்ல என்பதைக் காட்டின. ஜனவரியில் ஓஹயோ மாநிலத்தின் மேரியெட்டா நகரில் ஓர் இல்லத்தில் தீப்பிடித்து 30-க்கும் மேற்பட்ட முதியவர்கள் இறந்தார்கள். தரைவிரிப்பு எரிந்து கிளம்பிய கரும்புகைதான் பெரும்பாலோரின் உயிரை வாங்கியது. சில மாதங்கள் கழித்து பால்டிமோரில் மற்றோர் இல்லத்தில் சால்மோனெல்லா கிருமி உணவில் பரவி 25 பேர் இறந்தார்கள். தரைக்கு எந்த விரிப்பு வாங்குவது, சமைத்த உணவை எவ்வளவு சூட்டில் வைப்பது என்ற அன்றாட முடிவுகளில் முதியவர்களின் உயிர் இருக்கிறது. அந்த முடிவுகளெல்லாம் கடைசியில் நிர்வாகியின் மேசைக்குத்தான் வருகின்றன.

இன்று தேசிய அளவில் தேர்வை நடத்துவது மாநில உரிம வாரியங்களின் கூட்டமைப்பு. ‘நாப்’ என்று சுருக்கிச் சொல்வார்கள். 2017 முதல் தேர்வு இரண்டு பகுதி: முதியோர் பராமரிப்புத் துறை முழுவதற்கும் பொதுவான அடிப்படை அறிவு ஒன்று, முதியோர் இல்லத்துக்கே உரியது மற்றொன்று. தேர்ச்சிக்கு வேண்டிய அளவுப் புள்ளி 113. இதை 113 கேள்விக்குச் சரியான விடை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு வினாத்தாள் சற்றுக் கடினமாகவும் இன்னொன்று சற்று எளிதாகவும் அமைந்துவிட்டால் யாருக்கும் அநியாயம் நேரக்கூடாது என்பதற்காக மதிப்பெண்ணை ஒரே அளவுகோலுக்கு மாற்றிச் சொல்கிறார்கள். இதைத் தவிர, பல மாநிலங்கள் தங்கள் சட்டத்தைப் பற்றித் தனியாக ஒரு தேர்வும் வைக்கின்றன.

பாடத்திட்டம் பரந்தது. பராமரிப்பு, பணியாளர் மேலாண்மை, நிதி, கட்டடமும் பாதுகாப்பும், தலைமை என்று எல்லாம் உண்டு. படிப்பும் அனுபவமும் எங்கே பிரிகின்றன என்று புரிய, இதில் ஒரே ஒரு கேள்வியைப் பிரித்துப் பார்ப்போம். மிகைநேர ஊதியம்.

அமெரிக்கச் சட்டப்படி பொதுவாக வாரத்துக்கு 40 மணிக்கு மேல் வேலை செய்தால் மிகைநேரம், அதற்கு ஒன்றரை மடங்கு கூலி. ஆனால் மருத்துவமனைகளுக்கும் முதியோர் இல்லங்களுக்கும் வேறொரு வழியும் சட்டத்தில் இருக்கிறது. பணியாளரோடு முன்கூட்டியே பேசி முடிவு செய்துகொண்டால், 14 நாளை ஒரு கணக்காக வைக்கலாம். ஒரு நாளில் 8 மணி நேரத்துக்கு மேல் போனாலோ, 14 நாளில் 80 மணி நேரத்துக்கு மேல் போனாலோ மிகைநேரம். ஓர் ஊழியர் முதல் வாரம் ஆறு நாளும் அடுத்த வாரம் நான்கு நாளும் தலா 8 மணி நேரம் வேலை பார்த்தார் என்று வையுங்கள். முதல் கணக்கில் அவருக்கு 8 மணி மிகைநேரம் வரும். இரண்டாவது கணக்கில் ஒன்றும் வராது. வாரம் மூன்று நாள் 12 மணி நேரப் பணி என்றால் கணக்கு தலைகீழ். மொத்தம் 36 மணிதான் என்பதால் முதல் முறையில் மிகைநேரம் இல்லை. இரண்டாவது முறையில் ஒவ்வொரு நாளுக்கும் 4 மணி மிகைநேரம்.

பத்து வருஷம் ஓர் இல்லத்தில் சம்பளப் பட்டியல் போட்டவருக்கு இது தெரிந்திருக்குமா? அந்த இல்லம் 14 நாள் முறையைப் பின்பற்றியிருந்தால் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். பின்பற்றவில்லை என்றால் அப்படி ஒரு வழி இருப்பதே அவர் காதுக்கு எட்டியிருக்காது. தான் பார்த்ததுதான் சட்டம் என்று நினைத்திருப்பார். படித்து வந்தவருக்கு இரண்டு முறையும் பாடத்தில் வந்திருக்கும். ஆனால் விடுப்புச் சொல்லாமல் மூன்று பேர் வராத ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பணி அட்டவணையை எப்படித் திருத்துவது என்று அவருக்குக் கைவராது. தேர்வு இந்த இரண்டில் முதலாவதை எளிதில் அளக்கிறது. நான்கு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியால் இரண்டாவதைத் தொட்டுப் பார்க்கத்தான் முடியும்.

அனுபவம் சில சமயம் விடையைத் தவறான பக்கம் இழுத்துவிடும். ஓர் இல்லவாசியை ஊழியர் அடித்ததாகப் புகார் வருகிறது. நடைமுறையில் பல இடங்களில் முதலில் மேற்பார்வையாளருக்குச் சொல்வார்கள், நாலு பேரை விசாரிப்பார்கள், பிறகுதான் மேலே எழுதுவார்கள். மத்திய அரசின் விதி அப்படி விடவில்லை. துன்புறுத்தல் என்று புகார் வந்தால் 2 மணி நேரத்துக்குள் மாநில அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும். விசாரணையின் முடிவை 5 வேலை நாளுக்குள் கொடுக்க வேண்டும். முதலில் விசாரிப்போம் என்று பழகிய மனம் தேர்விலும் அந்த விடையையே குறிக்கும்.

அதே அனுபவம் கைகொடுக்கும் இடமும் நிறைய உண்டு. குளிர்ந்த உணவு 41 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே, சூடான உணவு 135 டிகிரிக்கு மேலே என்பதைப் புத்தகத்தில் படித்தவர் மறந்துபோகலாம். சமையலறையில் வெப்பமானியைக் குத்திப் பார்த்தவர் மறக்க மாட்டார். படுக்கைப் புண் ஏன் வருகிறது, ஒரு குடும்பம் எதற்காகக் கோபப்படுகிறது என்பதுபோன்ற சூழ்நிலைக் கேள்விகளில் இல்லத்தில் இருந்தவருக்கு விடை கண்முன் தெரியும்.

‘அனுபவம்’ என்று ஒரே சொல்லால் சொல்வதில்தான் குழப்பம் தொடங்குகிறது என்பது என் எண்ணம். பதினைந்து வருஷம் செவிலியராக இருந்தவருக்குப் பராமரிப்புப் பகுதி எளிது. வரவேண்டிய பாக்கி எத்தனை நாளில் வசூலாகிறது என்ற நிதிக் கேள்வி புதிது. கணக்குப் பிரிவிலிருந்து வந்தவருக்கு நேர்மாறு. ஒரே துறையில் எத்தனை வருஷம் கூடினாலும் அது அந்தத் துறையின் அனுபவம்தான். நிர்வாகிக்கு வேண்டியது எல்லா அறைக்குள்ளும் கொஞ்ச காலம் நின்று பார்த்த அனுபவம்.

அதற்காக ஏற்பட்டதுதான் பயிற்சி நிர்வாகி முறை. உரிமம் பெற்ற மூத்த நிர்வாகி ஒருவரின் கீழ் சமையலறை, சலவை, செவிலியர் பிரிவு, கணக்கு, கட்டடப் பராமரிப்பு என்று ஒவ்வொன்றாகச் சுற்றி வர வேண்டும். கலிஃபோர்னியாவில் இது 1,000 மணி நேரம். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஓ கிளேர் வளாகத்தில் முதியோர் பராமரிப்பு நிர்வாகம் படிக்கும் மாணவர்கள் 52 வாரம் இல்லத்திலேயே பயிற்சி செய்கிறார்கள். இங்கே படிப்பும் அனுபவமும் இரண்டு தனிப் பொருள்களாக இல்லை. காலையில் பார்த்ததற்கு மாலையில் விதி தெரிகிறது. தேர்வுக்கு இதைவிட நல்ல ஆயத்தம் எனக்குத் தெரிந்து இல்லை.

இனி, மதிப்பெண் பட்டியலை வைத்துப் பேசுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பட்டம் பெற்றவர்கள் கூடுதல் புள்ளி எடுத்திருக்கிறார்கள், நெடுநாள் அனுபவஸ்தர்கள் குறைவாக எடுத்திருக்கிறார்கள் என்று ஒரு கணக்கு உங்கள் கையில் கிடைத்தால் உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். யாரைத் தேர்வு எழுத விட்டார்கள் என்று முதலில் கேளுங்கள்.

மத்தியச் சட்டம் உரிமம் வேண்டும் என்று சொன்னதே தவிர, எந்தப் பட்டம் வேண்டும் என்பதை மாநிலங்களிடம் விட்டுவிட்டது. பெரும்பாலான மாநிலங்களில் இளங்கலைப் பட்டம் கேட்கிறார்கள். சில இடங்களில் பட்டம் இல்லாதவருக்கும் ஒரு வாசல் திறந்திருக்கிறது, நீண்ட அனுபவம் இருந்தால். கலிஃபோர்னியாவில் பதிவு பெற்ற செவிலியர் 10 ஆண்டு பணியாற்றி, அதில் கடைசி 5 ஆண்டு மேற்பார்வைப் பொறுப்பிலும் இருந்திருந்தால், பயிற்சியை முடித்துத் தேர்வுக்கு வரலாம். இதன் விளைவைக் கவனியுங்கள். பட்டதாரி அனுபவம் குறைவாக இருந்தாலும் வரலாம். பட்டம் இல்லாதவர் அனுபவம் நிறைய இருந்தால் மட்டுமே வரலாம். ஆகவே தேர்வறையில் அதிக அனுபவம் உள்ளவர்களில் பலர் படிப்பு குறைந்தவர்களாகவே இருப்பார்கள். அவர்கள் புள்ளி குறைந்தால், அனுபவம் கூடக்கூட மதிப்பெண் குறைகிறது என்பதுபோல் கணக்கு காட்டும். அனுபவத்தின் மேல் பழி விழும். உண்மையில் அது சேர்க்கை விதி போட்ட கோலம்.

இன்னொரு பக்கமும் உண்டு. எல்லோரும் பட்டதாரிகளாக இருக்கும் மாநிலத்தில் படிப்புக்கும் மதிப்பெண்ணுக்கும் தொடர்பே இல்லாததுபோல் தோன்றலாம். காவலர் தேர்வுக்குக் குறிப்பிட்ட உயரம் இருந்தால்தான் வர முடியும். வந்தவர்களுக்குள் உயரத்தை வைத்து யார் வேகமாக ஓடுவார் என்று சொல்ல முடியாது. அதனால் உயரத்தால் பயனே இல்லை என்று ஆகிவிடாது. குட்டையானவர்கள் அந்த மைதானத்திலேயே இல்லை, அவ்வளவுதான். இதோடு, கல்லூரியை விட்டு இருபது வருஷமாகத் தேர்வே எழுதாதவர், இரண்டாம் முறை மூன்றாம் முறை எழுதுபவர் என்றெல்லாம் பிரிக்காமல் சராசரி எடுத்தால், அந்த எண் எதையும் தெளிவாகச் சொல்லாது.

தேர்ச்சிப் புள்ளி எதைக் குறிக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். இத்தகைய உரிமத் தேர்வுகளில் பரவலாகக் கையாளும் ஒரு முறைக்கு, 1971-இல் அதை எழுதி வைத்த வில்லியம் ஆங்காஃபின் பெயர் வழங்குகிறது. துறை வல்லுநர்களை உட்காரவைத்து, ‘குறைந்தபட்சத் தகுதி மட்டும் உள்ளவர் நூறு பேரில் எத்தனை பேர் இந்தக் கேள்விக்குச் சரியாக விடை சொல்வார்கள்?’ என்று ஒவ்வொரு கேள்விக்கும் கேட்பார்கள். அந்தக் கூட்டுக் கணிப்பிலிருந்துதான் தேர்ச்சிக் கோடு பிறக்கிறது. கோட்டைத் தாண்டியவரிடம் குறைந்தபட்சத் தகுதி இருக்கிறது என்பதற்கான அடையாளம் அது. சிறந்த நிர்வாகி யார் என்று அது சொல்வதில்லை. சொல்வதற்காக அமைக்கப்படவும் இல்லை. மிக அதிகப் புள்ளி எடுத்தவரின் இல்லம்தான் மிக நல்ல இல்லம் என்று எண்ணினால் ஏமாறுவோம்.

இல்லத்தின் தரத்தோடு நெருங்கிய தொடர்புடைய ஒன்று தேர்வுக்கு வெளியே இருக்கிறது. நிகோலஸ் காசில் என்ற ஆய்வாளர் 2001-இல் வெளியிட்ட ஆய்வில், நிர்வாகிகள் அடிக்கடி மாறும் இல்லங்களில் படுக்கைப் புண்ணும் மனநிலை மருந்துகளின் பயன்பாடும் கூடுதலாக இருப்பதைக் கண்டார். நிர்வாகி போனால் பல சமயம் தலைமைச் செவிலியரும் போகிறார், அவருக்குப் பின்னால் பழகிய உதவியாளர்களும் போகிறார்கள். பாட்டியை எந்தப் பக்கம் திருப்பிப் படுக்கவைத்தால் வலிக்கும் என்று தெரிந்தவர் யாரும் மிஞ்சுவதில்லை.

மாநில வாரியங்கள் இரண்டு வாசலையும் திறந்தே வைக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். பட்டத்தை மட்டும் கேட்டால், உதவியாளராகத் தொடங்கி மேலே வந்த திறமையான பெண்கள் பலர் வெளியே நின்றுவிடுவார்கள். வருஷக் கணக்கை மட்டும் கேட்டால், ஒரே மேசையில் உட்கார்ந்திருந்த காலத்துக்கெல்லாம் மதிப்புக் கொடுத்ததாகும். எந்த வாசல் வழியாக வந்தாலும் அந்த 1,000 மணி நேரச் சுற்றுப்பயிற்சியை யாருக்கும் குறைக்கக் கூடாது. பயிற்சி தரும் மூத்த நிர்வாகி உண்மையாகவே சொல்லிக்கொடுக்கிறாரா என்பதையும் வாரியம் நேரில் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவில் இருக்கும் உங்கள் உறவினர் யாரையாவது இப்படி ஓர் இல்லத்தில் சேர்க்கும் நிலை வந்தால், நிர்வாகியை நேரில் பாருங்கள். உரிமம் இருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், அதற்கு முன் எங்கே, எந்தப் பிரிவில் வேலை பார்த்தார் என்று கேளுங்கள். இந்த இல்லத்துக்கு வந்து எத்தனை வருஷம் ஆயிற்று என்பதையும் மறக்காமல் கேளுங்கள்.