ராமானுஜம் வெளியாளா?

'அவுட்சைடர் ஆர்ட்' என்பது 1972-ல் ரோஜர் கார்டினல் தன் புத்தகத்துக்கு வைத்த தலைப்பு. அதற்கு முன்பே பிரெஞ்சு ஓவியர் ழான் துபுஃபே இதை 'ஆர் ப்ரூட்' என்றார். அதாவது, கலைப்பள்ளிப் பக்கமே போகாதவர்கள், மனநல விடுதியில் அடைபட்டவர்கள் தங்களுக்காகவே செய்துகொண்டது. அவர் சேர்த்தவை 1976 முதல் சுவிட்சர்லாந்தின் லோசானில் தனி அருங்காட்சியகமாக இருக்கின்றன.

தமிழ்நாட்டில் இதற்கு யார்னு யோசிச்சா, எனக்கு முதலில் நினைவுக்கு வருவது கே. ராமானுஜம். மனநோயோடும் பேச்சுச் சிரமத்தோடும் வாழ்ந்தவர். பேனா மையில் மாளிகைகள், பாம்புகள், பறக்கிற உருவங்கள் என்று கனவு மாதிரி வரைவார். நடுவே தொப்பி போட்டுக்கிட்டு அவரே நிற்பார். 1973-ல் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார்.

ஆனால் அவர் கலைப்பள்ளிக்குப் போகாதவர் இல்லை. சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர். அதன் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர் 1966-ல் தொடங்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் மற்ற ஓவியர்களோடு இருந்தவர். அப்போ இவரை எப்படி 'வெளியாள்'னு சொல்றது?

ஜெர்மனியிலும் இதே சிக்கல்தான். ஹான்ஸ் பிரின்ஸ்ஹார்ன் என்ற மனநல மருத்துவர் ஹைடெல்பர்க்கில் நோயாளிகளின் படைப்புகள் சுமார் 5,000 சேர்த்து, 1922-ல் புத்தகம் போட்டார். அதில் 'ஃபிரான்ஸ் போல்' என்று வருபவரின் உண்மைப் பெயர் ஃபிரான்ஸ் கார்ல் பியூலர். கலைநயமான இரும்பு வேலையில் தேர்ந்தவர், அதைக் கற்றுக்கொடுத்த ஆசிரியரும்கூட. மருத்துவர் பெயரை மறைத்தது நோயாளியின் நலனுக்காக என்றே வைத்துக்கொள்வோம். ஆனா பெயரோட சேர்ந்து தொழிலும் படிப்பும் மறைஞ்சு போச்சு. நோய் மட்டும் மிச்சமாச்சு. 1940-ல் நாஜிகள் நோயாளிகளைக் கொன்றொழித்தபோது பியூலரும் கொல்லப்பட்டார்.

ராமானுஜத்துக்கு அந்தப் பெயர் இழப்பு நேரவில்லை. அவர் பக்கத்தில் இருந்தவர்கள் ஓவியர்கள். அவர்களுக்கு அவர் கேஸ் இல்லை, சக ஓவியர். அதனால்தான் இன்றைக்கு 'மெட்ராஸ் இயக்க' ஓவியர்கள் வரிசையில் சொந்தப் பெயரிலேயே நிற்கிறார். அவருடைய நோயைச் சொல்லக் கூடாதுன்னு நான் சொல்லல. படத்துக்குப் பக்கத்தில் இருக்கிற அட்டையில் முதல் வரி அதுவாக இருந்தால், பார்க்கிறவர் கோட்டைப் பார்க்க மாட்டார், அறிகுறியைத்தான் தேடுவார்.

இதில் எங்க ஒத்தக்கடை மாதிரி ஊர்களுக்கும் ஒரு வேலை இருக்கு. சிறப்புப் பள்ளியிலோ காப்பகத்திலோ ஒருவர் வரைந்தால், அதன் பின்பக்கம் அவர் பெயரையும் தேதியையும் எழுதுங்க. அவர் என்ன சொன்னார்னும் ஒரு வரி எழுதி, நனையாத இடத்தில் வையுங்க. அருங்காட்சியகம் என்றைக்காவது வரலாம், வராமலும் போகலாம். வந்தால், அட்டையில் எழுத அவர் பெயர் வேணும்.