விறகு அடுக்குவதிலும் ஒரு அழகு உண்டு!

“விறகா? இந்தக் காலத்திலா?” என்று சிரிக்காதீர்கள், சகோதரிகளே. சமையலுக்கு எங்கள் வீட்டிலும் கேஸ்தான். ஆனாலும் கீழ்க்கட்டளையில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் வெந்நீர் அடுப்பு ஒன்று இன்றும் எரிகிறது. மழைக்காலத்தில் கரண்ட் போனால் ஹீட்டர் என்ன செய்யும்? பிள்ளை பெற்று வந்த மகளுக்கு அண்டா நிறைய வெந்நீர் வேண்டாமா? பொங்கல் பானையை வாசலில் எதை வைத்துப் பொங்குவது? இப்படி ஏதாவது ஒரு காரணம் சொல்லி விறகு வீட்டுக்குள் வந்துவிடுகிறது. வந்ததை எங்கே வைப்பது, எப்படி வைப்பது என்பதுதான் கேள்வி.

எங்களுக்கு விறகு வந்தது புயலால். 2016 டிசம்பர் 12ஆம் தேதி வர்தா புயல் அடித்தபோது, மாமனார் வைத்த வேப்பமரம் வேரோடு சாய்ந்தது. நல்லவேளை, சுவரைத் தொடாமல் தோட்டத்துப் பக்கமே விழுந்தது. நாலைந்து நாள் கழித்து ஆள் கிடைத்து, கோடாலியால் முழம் முழமாகப் பிளந்து போட்டார். கரண்ட் இல்லாத கவலையில் நான் அத்தனையையும் குளியலறைச் சுவர் ஓரமாக அப்படியே குவித்துவிட்டேன். மேலே ஒரு தார்ப்பாய் வேறு போட்டு மூடினேன்.

செய்யூர்ப் பக்கம் பிறந்து வளர்ந்தவர் என் மாமியார். பார்த்ததுமே முகத்தைச் சுளித்தார்.

“ஏம்மா, இப்படியா கொட்டி வெப்பாங்க? காத்து போவ வேணாமா? பூச்சி பொட்டு வந்து குடியேறும்மா.”

“பொங்கல் முடியட்டும் அத்தை, சரி பண்ணிடறேன்” என்றேன். பொங்கல் வரை பொறுக்கவில்லை. போகிக்கு முதல் நாள் சாயங்காலம், அப்போது ஐந்து வயதாக இருந்த என் பையன், கொளுத்துவதற்கென்று அந்தக் குவியலிலிருந்து சுள்ளி உருவினான். ஒரு அலறல்! விரலில் தேள். சின்னச் செந்தேள்தான். ஆனால் அரை மணிக்குள் பிள்ளைக்கு வேர்த்துக் கொட்டியது. வாந்தி எடுத்தான். கை கால் சில்லிட்டுப் போயிற்று. பக்கத்து வீட்டு அம்மாள் நல்ல எண்ணத்தோடுதான் வெங்காயம் தேய்க்கலாம், மந்திரிக்கலாம் என்றார். என் மாமியார்தான், “ஆட்டோவைக் கூப்பிடு, ஆஸ்பத்திரிக்குப் போ” என்று விரட்டினார். ராத்திரி முழுக்க டாக்டர்கள் கண்காணிப்பில் வைத்து, மாத்திரை கொடுத்து, மறுநாள் மாலை அனுப்பினார்கள். அந்த இரவு ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து நான் என்னையே திட்டிக்கொண்டது எனக்குத்தான் தெரியும்.

பெரியவர்களுக்குத் தேள் கொட்டினால் பெரும்பாலும் வலியோடு போய்விடும். குழந்தைகளுக்கு அப்படியில்லை, செந்தேள் விஷம் இதயத்தையே தாக்கும். மகாராஷ்டிரத்தில் மஹாட் என்ற ஊரில் டாக்டர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர் என்பவர், பிராசோசின் என்ற ரத்த அழுத்த மாத்திரை இதற்குக் கைகொடுக்கும் என்று 1980களில் கண்டு சொன்னார். அதன் பிறகு எத்தனையோ உயிர்கள் பிழைத்தன. 2022இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். மாத்திரை இருக்கிறதே என்று நாமாகக் கொடுத்துவிடக் கூடாது. வியர்வை, வாந்தி, சில்லிடுதல் என்று எது கண்டாலும் உடனே ஆஸ்பத்திரிதான்.

பொங்கல் முடிந்ததும் மாமியார் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினார். நான் எடுபிடி. அன்று அவர் சொல்லிக்கொடுத்தபடிதான் இன்றும் அடுக்குகிறேன்.

முதலில் இடம். சமையலறைக் கதவு, ஜன்னல், குழந்தைகள் விளையாடும் மூலை இவற்றை விட்டுத் தள்ளி, வெயிலும் காற்றும் படும் இடமாகப் பார்க்க வேண்டும். சுவரை ஒட்டி அடுக்கவே கூடாது. துடைப்பம் போய் வரும் அளவாவது இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் கரையான் விறகிலிருந்து சுவருக்கும், சுவரிலிருந்து நிலைப்படிக்கும் போய்விடும்.

அடுத்தது தளம். மண்மேல் விறகு படக்கூடாது. மூன்று செங்கல் உயரத்துக்கு இரண்டு வரிசை வைத்து, அதன்மேல் நீளவாக்கில் இரண்டு சவுக்குக் கம்பு போட்டோம். அடியில் குனிந்து பார்த்தால் அந்தப் பக்கம் தெரிய வேண்டும். இருட்டு மூலை இருந்தால்தானே எலி வரும்? எலி வந்தால் அதைத் தேடிப் பாம்பு வரும். நாங்கள் ஏரிக்கும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கும் நடுவே இருப்பவர்கள். மழை வந்தால் எந்தப் பாம்பு எங்கே ஒதுங்கும் என்று யார் கண்டது!

இரண்டு ஓரங்களிலும் தூண் மாதிரி கட்ட வேண்டும். இரண்டு கட்டை நெடுக்கே, அதன்மேல் இரண்டு கட்டை குறுக்கே, மறுபடி நெடுக்கே என்று மாற்றி மாற்றி. இந்தத் தூண்கள் நேராக நின்றால்தான் நடுவில் அடுக்குவது சரியாது. இதற்கு நல்ல நேரான கட்டையாகப் பொறுக்கி எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் தடித்தவை கீழே, மெல்லியவை மேலே. வெட்டு முகங்கள் எல்லாம் ஒரே பக்கம் பார்க்கட்டும். வட்டமும் அரைவட்டமுமாகத் தேன்கூடு போலத் தெரியும்போது, குப்பையாகக் கிடந்த அதே வேப்ப விறகா இது என்று எனக்கே ஆச்சரியம்! உயரம் மட்டும் இடுப்பளவுக்கு மேல் வேண்டாம், பிள்ளைகள் ஏறும்.

பட்டை மேலே பார்க்க வேண்டுமா, கீழேயா? மேல் வரிசைக்குப் பட்டை மேலே இருந்தால் மழை வழிந்தோடும் என்பது மாமியார் கட்சி. இந்தச் சண்டை நமக்கு மட்டுமில்லை. நார்வே நாட்டில் 2013இல் டெலிவிஷனில் விறகைப் பற்றிப் பன்னிரண்டு மணி நேரம் நிகழ்ச்சி காட்டினார்களாம். பட்டை மேலே இருக்கிறது என்று பாதிப் பேரும், கீழே இருக்கிறது என்று மீதிப் பேரும் புகார் செய்தார்களாம்!

மூடுவது மேலே மட்டும்தான். ஒரு தகரமோ, பழைய ஆஸ்பெஸ்டாஸ் அல்லாத ஷீட்டோ சாய்வாகப் போட்டு, பறக்காமல் கல் வைத்தால் போதும். நான் செய்தது போல் தார்ப்பாயால் முழுக்க மூடினால் உள்ளே புழுங்கிப் பூஞ்சை பிடிக்கும்.

பச்சை விறகின் எடையில் பாதிக்குப் பாதி தண்ணீராகவே இருக்கும். அதை எரித்தால் அடுப்பு புகையத்தான் செய்யும். வீட்டுக்குள் அடுப்புப் புகையால் 2020இல் மட்டும் உலகத்தில் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. அதனால் அடுப்பு வெளியில், விறகு நன்றாகக் காய்ந்து. காய்ந்ததை எப்படித் தெரிந்துகொள்வது? இரண்டு கட்டையைத் தட்டினால் ‘டங்’கென்று கேட்க வேண்டும், ‘தொப்’பென்றால் ஈரம். முனையில் வெடிப்பு விட்டிருக்கும். நான் இன்னொன்றும் செய்வேன். ஒரு கட்டையில் சாக்பீஸால் கோடு போட்டு, மாதம் ஒரு முறை தராசில் நிறுப்பேன். இரண்டு மாதம் எடை குறையாமல் நின்றால் முழுக்கக் காய்ந்தாயிற்று. மாசி, பங்குனியில் அடுக்கியது புரட்டாசிக்குள் தயாராகிவிடும்.

அரளிக் கட்டையை மட்டும் அடுப்புப் பக்கமே கொண்டு போகாதீர்கள், அதன் புகையும் நஞ்சு. பெயிண்ட் அடித்த பலகை, பிளைவுட் துண்டும் வேண்டாம். கொட்டாங்குச்சி, பாளை, பன்னாடை எல்லாவற்றையும் தனித்தனிச் சாக்கில் கட்டித் தொங்கவிட்டால் பற்ற வைக்கச் சுலபம்.

அழகுக்கு என்ன செய்தேன் என்கிறீர்களா? செங்கல் வரிசைக்குக் காவி பூசி வெள்ளைக் கோடு இழுத்தேன். தூண்களின் முன்னால் பழைய பெயிண்ட் டப்பாவில் குரோட்டன்ஸ். செடியை விறகில் படரவிடவில்லை, ஈரம் தங்கும்.

விறகை எப்போதும் மேலிருந்துதான் எடுக்க வேண்டும். நடுவில் கை விட்டு உருவக் கூடாது. முதலில் ஒரு கம்பால் தட்டுவது எங்கள் வீட்டுச் சட்டம். ராத்திரியில் தேள் தேட என் தம்பி ஒரு டார்ச் வாங்கிக் கொடுத்தான். கள்ளநோட்டு பார்க்கும் ஊதா விளக்கு. அதன் வெளிச்சத்தில் தேள் பச்சையாக மின்னும்! பாம்பு என்றால் அடிக்கப் போகாதீர்கள். கடித்துவிட்டால் இறுகக் கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் கூடாது. கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, 108ஐக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அங்கே போடும் மருந்துக்கு விஷம் எடுத்துக் கொடுப்பவர்களில் நம் பக்கத்து இருளர்கள் உண்டு. மாமல்லபுரம் வழியில் வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய அவர்களது கூட்டுறவுச் சங்கத்தைக் குழந்தைகளோடு போய்ப் பார்த்திருக்கிறோம். அதைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

ஒவ்வொரு புரட்டாசியிலும் அடுக்கை முழுக்கப் பிரித்து, பெருக்கி, திரும்ப அடுக்குகிறோம். இப்போது என் பையன்தான் கட்டை எடுத்துக் கொடுக்கிறான், செருப்புப் போட்டுக்கொண்டு. மாமியார் நாற்காலியில் உட்கார்ந்து, “தூணு கோணுதும்மா, பாரு” என்கிறார்.