திண்ணைத் தூணும் தேய்மானக் கணக்கும்

வந்தவாசியிலிருந்து திண்டிவனம் செல்லும் சாலையில் உள்ள தெள்ளார், வரலாற்றில் இடம்பெற்ற ஊர். ஒன்பதாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் மூன்றாம் நந்திவர்மன் இங்கு பெற்ற வெற்றியால்தான் 'தெள்ளாறு எறிந்த நந்திவர்மன்' என்று பெயர் பெற்றான். அந்த வெற்றியைக் கல்வெட்டுகள் இன்றும் சொல்கின்றன. அக்காலத்து வீடுகளின் கதவோ, தூணோ, உத்தரமோ ஒன்றும் எஞ்சவில்லை. கல் கவனிப்பாரின்றியும் நிற்கும். மரம் கவனிக்க ஒருவர் இருக்கும் வரைதான் நிற்கும்.

இந்த எளிய உண்மையைப் பொருளாதாரம் கற்பித்த முப்பதாண்டுகளில் நான் உணரவில்லை. ஓய்வு பெற்று ஊர் திரும்பிய பிறகு, எங்கள் பூர்வீக வீட்டின் திண்ணைத் தூண்கள்தான் அதை எனக்குக் கற்பித்தன.

பாட்டனார் காலத்தில் நிறுத்தப்பட்ட நான்கு தேக்குத் தூண்கள் அவை. தந்தையார் இருந்தவரை ஆண்டுதோறும் மாசி மாதத்தில், அறுவடை வேலைகள் ஓய்ந்த பிறகு, தூண்களைத் துடைத்து எண்ணெய் பூசுவார். பள்ளி விடுமுறை நாளில் துணிச் சுருளோடு என்னையும் அந்த வேலையில் இறக்கிவிடுவார். அவருக்குப் பிறகு அந்த வழக்கம் நின்றுபோனது. ஒரு குடும்பத் திருமணத்தை ஒட்டி, தூண்கள் பளபளப்பாக இருக்க வேண்டும் என்று நான்தான் எனாமல் வண்ணம் பூசச் செய்தேன். இரண்டு மழைக்காலத்தில் அது கொப்புளித்து உரியத் தொடங்கியது. நான் ஊர் திரும்பியபோது வண்ணம் போன இடமெல்லாம் மரம் சாம்பல் நிறத்தில் வெடித்துக் கிடந்தது. தூண்களை அகற்றிவிட்டு இரும்புக் குழாய் நிறுத்தலாம் என்று பலரும் யோசனை கூறினர். பழைய மரம் வாங்குபவர் ஒருவர் விலையும் பேசிவிட்டார்.

அதற்கு முன் ஒருமுறை பார்க்கட்டும் என்று ஊர் ஆசாரியை அழைத்தேன். அவர் உளி முனையால் தூணை மேலிருந்து கீழாகக் குத்திப் பார்த்தார். "மேல நல்லாத்தான் இருக்கு சார். காலடியிலதான் போயிடுச்சி" என்றார். நான்கு தூண்களில் ஒன்றின் அடிப்பகுதி மட்டும், பாதக்கல்லைத் தொடும் இடத்தில் ஒரு சாண் உயரத்துக்கு உளுத்திருந்தது. மற்ற இடங்களில் சாம்பல் நிறத் தோலைச் சுரண்டியதும் தேக்கின் பொன்னிறம் தெரிந்தது.

மரம் ஏன் வெளுக்கிறது என்பதை அறிந்துகொண்டால், அதைக் காக்கும் வழியும் விளங்கிவிடும். மரத்தின் உடல், செல்லுலோஸ் என்னும் நார்களையும், அந்த நார்களைப் பிணைக்கும் லிக்னின் என்னும் பசையையும் முதன்மையாகக் கொண்டது. வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர்கள் லிக்னினைச் சிதைக்கின்றன. சிதைந்ததை மழை கழுவிச் செல்கிறது. பிணைப்பை இழந்த வெளிறிய நார்கள் மேலே எஞ்சுகின்றன. ஈரம் தங்கும்போது நுண்ணிய பூஞ்சைகள் அவற்றில் படிந்து சாம்பல் நிறம் தருகின்றன. தேக்கும் இதற்கு விலக்கல்ல.

ஆனால், இந்த மாற்றம் மிக மெல்லிய மேற்பரப்பில் நிகழ்வது. அமெரிக்காவின் மேடிசன் நகரில் 1910 முதல் இயங்கிவரும் வனப்பொருள் ஆய்வகத்தின் கணிப்புப்படி, வெயிலிலும் மழையிலும் நிற்கும் பைன் போன்ற மென்மரங்கள் நூறு ஆண்டுகளில் ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் அளவுக்கே அரிக்கப்படுகின்றன. அடர்த்தியான வன்மரங்களில் தேய்மானம் அதைவிடக் குறைவு. வெளுத்த மரத்தைச் செத்த மரம் என்று கருதி விற்றுவிடுவது பெரும்பாலும் அவசர முடிவே.

மரத்தின் உண்மையான பகை தேங்கும் ஈரம். மரத்தின் எடையில் ஈரம் ஐந்தில் ஒரு பங்குக்குக் கீழ் இருக்கும் வரை அதை உளுக்கச் செய்யும் பூஞ்சைகள் வளர்வதில்லை. வைரம் பாய்ந்த தேக்கில் இயல்பாகவே பூஞ்சையையும் கரையானையும் தடுக்கும் பொருள்கள் உள்ளன. வைரம் பாயாத வெளிப்பகுதியில் அந்தப் பாதுகாப்பு இல்லை. தூணின் கால், கதவின் அடிவிளிம்பு, உத்தரத்தின் வெட்டுமுனை ஆகிய இடங்களில்தான் முதலில் நீர் ஏறும். நார்களின் வாய் திறந்திருக்கும் வெட்டுமுனை, உறிஞ்சுகுழல்போல நீரை இழுக்கிறது.

நான் பூசச் செய்த எனாமல் செய்த தீங்கும் இதுதான். அது மரத்தின் மேல் ஒரு தோலாகப் படிகிறது. மரமோ மழையில் உப்பி, வெயிலில் சுருங்குகிறது. அந்த அசைவுக்கு ஈடுகொடுக்க முடியாமல் பூச்சில் வெடிப்பு விழுகிறது. வெடிப்பின் வழியே நுழையும் நீர், எளிதில் வெளியேற வழியின்றித் தங்குகிறது. நிறமற்ற வார்னிஷ் பூசினால் வேறொரு குறை: வெயிலின் கதிர்கள் அதை ஊடுருவி அடியிலுள்ள லிக்னினைச் சிதைக்க, பிடிமானம் இழந்த வார்னிஷ் செதில் செதிலாக உரிகிறது.

வெளியில் நிற்கும் மரத்துக்கு ஏற்றது, மேலே படியாமல் உள்ளே ஊறும் பூச்சு. கடைகளில் 'வுட் ஸ்டெயின்' என்று கிடைக்கும் எண்ணெய் சார்ந்த மரச்சாயங்களில் வெளிப்புறப் பயன்பாட்டுக்கு உரியவை இத்தகையவை. அவற்றிலுள்ள நிறமித் துகள்கள் கதிர்களைத் தடுக்கின்றன. பழுப்பும் செம்மையுமான சாயங்களில் பெரும்பாலும் இருப்பது இரும்பு ஆக்சைடு. நம் வீட்டுச் சுவரில் பட்டை தீட்டும் காவியின் நிறத்துக்கும் அதுவே காரணம். கடலூர், விழுப்புரம் வட்டாரங்களில் கிடைக்கும் முந்திரி ஓட்டு எண்ணெயும் மரத்தையும் படகுகளையும் காக்க நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகிறது. அது தோலைப் புண்ணாக்கக் கூடியது என்பதால் கையுறை கட்டாயம்.

பணியின் வரிசை எளியது. முதலில் உளியாலோ ஆணியாலோ குத்திப் பார்த்து, உளுத்த பகுதியை அறுத்தெடுத்து, நல்ல மரத்தை ஒட்டுப்போட வேண்டும். எங்கள் தூணுக்கு ஆசாரி அப்படித்தான் புதுக் கால் பொருத்தினார். பிறகு மென்மையான தூரிகையால், மரத்தின் ரேகை ஓடும் திசையில், சோப்பு நீர் கொண்டு கழுவ வேண்டும். அழுத்தத்தோடு நீரைப் பீய்ச்சினால் நார்கள் பிய்ந்துவிடும். இரும்பு ஆணியைச் சுற்றிப் படிந்த கருங்கறையை ஆக்சாலிக் அமிலக் கரைசல் போக்கும். அது நஞ்சு, குழந்தைகளுக்கு எட்டாமல் வைத்து, வேலை முடிந்ததும் மரத்தை நன்கு கழுவிவிட வேண்டும்.

கழுவிய மரம் பல நாள் உலர வேண்டும். தந்தையார் மாசியைத் தேர்ந்தெடுத்ததன் காரணம் எனக்கு இப்போதுதான் விளங்கியது: மழை ஓய்ந்து, பனியும் குறைந்து, கத்திரி வெயில் வருவதற்கு முந்தைய காலம் அது. உலர்ந்த பின் உப்புத்தாளால் 80-ஆம் எண்ணிலும் பின்னர் 120-ஆம் எண்ணிலும் தேய்த்தால் போதும். கண்ணாடிபோல வழவழப்பாக்கினால் சாயம் ஊறாது. பழைய வண்ணம் இருந்தால் உலர்ந்த நிலையில் தேய்க்கக் கூடாது. வீட்டு வண்ணங்களில் ஈயத்தின் அளவைப் பத்து லட்சத்தில் 90 பங்குக்குள் கட்டுப்படுத்தும் விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சுகளின் தூசியில் ஈயம் இருக்கக்கூடும். நனைத்துத் தேய்ப்பதும், முகக்கவசம் அணிவதும், குழந்தைகளை விலக்கி வைப்பதும் அவசியம்.

தேய்த்த மரத்தை வெயிலில் வாரக்கணக்கில் விட்டுவிடாமல் சாயம் பூசிவிட வேண்டும். உச்சிவெயிலைத் தவிர்த்து மெல்லியதாகப் பூசி, கால் மணி நேரத்தில் ஊறாத மிச்சத்தைத் துணியால் துடைத்தெடுக்க வேண்டும். வெட்டுமுனைகளுக்கு இரண்டு மூன்று பூச்சு தேவை. ஆளிவிதை எண்ணெய் கலந்த சாயத்தைத் துடைத்த துணிகளைச் சுருட்டிப் போட்டால், அவை தாமாகவே சூடேறித் தீப்பிடிக்கலாம். விரித்து உலர்த்த வேண்டும். அல்லது நீரில் அமிழ்த்தி வைக்க வேண்டும். இத்தகைய பூச்சு இரண்டு முதல் நான்கு ஆண்டுகள் நிற்கும். உரியாமல் மெல்ல மங்குவதால், அடுத்த முறை சுரண்ட வேண்டியதில்லை. துடைத்துவிட்டு மீண்டும் பூசினால் போதும்.

எங்கள் நான்கு தூண்களுக்கும் ஆன செலவு, ஒரே ஒரு புதிய தேக்குத் தூணின் விலையில் சிறு பகுதிதான். தந்தையாரின் வழக்கத்தை நான் தொடர்ந்திருந்தால் அதுவும் மிச்சமாகியிருக்கும். இவ்வளவு மலிவான ஒரு கடமையை நான் ஏன் கைவிட்டேன்?

விடை எங்கள் வட்டாரத்துத் தறிகளிலேயே இருக்கிறது. ஆரணிப் பட்டு நெய்யும் வீடுகளில் தறியின் மரங்கள் பல ஆண்டுகள் உழைத்தும் வழவழப்போடு இருப்பதைக் காணலாம். அவை வெயில் படாமல் வீட்டுக்குள் இருப்பது ஒரு காரணம். மற்றொரு காரணம் பொருளாதாரம் சார்ந்தது. மரத்தில் ஒரு சிலாம்பு எழுந்தால் பட்டிழை அன்றே சிக்கி அறும். நெசவாளரின் அன்றைய வருமானமே பாதிக்கப்படும். புறக்கணிப்புக்கு உடனே தண்டனை கிடைப்பதால் அங்கு பராமரிப்பு தவறுவதில்லை. திண்ணைத் தூணோ பத்தாண்டு பொறுத்துத்தான் கணக்குக் கேட்கிறது. பலன் தாமதமாக வரும் செலவைத் தள்ளிப்போடுவது மனித இயல்பு.

பொதுச் சொத்துகளில் இந்த இயல்பு இன்னும் பெரிய இழப்பைத் தருகிறது. வெயிலிலும் மழையிலும் நிற்கும் மரங்களில் நம்மிடம் உள்ள மிகப் பெரியவை கோயில் தேர்கள். திருவாரூர் ஆழித்தேர் 1926-இல் தீக்கிரையாகி, புதிதாகச் செய்யப்பட்டு 1930-இல் ஓடியது. 1948-க்குப் பின் ஓடாமல் நின்ற அது, இரும்பு அச்சும் சக்கரங்களும் பொருத்தப்பட்டு 1970-இல்தான் மீண்டும் ஓடியது. எங்கள் மாவட்டத் தலைநகரான திருவண்ணாமலையின் மகாரதம் புதுப்பிக்கப்பட்டு, 2024 நவம்பரில் வெள்ளோட்டம் கண்டது. இவை புகழ்பெற்ற தலங்கள். சிற்றூர்களில் ஓடாத தேர்கள் தகரக் கொட்டகைக்குள் வெடித்துக் கிடப்பதையும் நாம் பார்க்கிறோம். புதிய தேருக்கு நன்கொடை திரட்டுவது எளிது. ஆண்டுதோறும் பழைய தேருக்கு எண்ணெய் பூசத் திரட்டுவது கடினம். வெள்ளோட்டத்துக்கு அழைப்பிதழ் அச்சிடலாம். எண்ணெய்ப் பூச்சுக்கு யார் அச்சிடுவார்?

நம் கணக்கு முறையும் இதற்குத் துணைபோகிறது. மொத்த உள்நாட்டு உற்பத்தி என்பதிலுள்ள 'மொத்த' என்ற சொல்லின் பொருளே, தேய்மானம் கழிக்கப்படவில்லை என்பதுதான். உளுத்த தூணை மாற்றினால் அது உற்பத்தியாகப் பதிவாகும். உளுக்காமல் நின்ற தூண் எந்த ஏட்டிலும் ஏறாது. அரசின் நிதிநிலை அறிக்கையில் புதிய கட்டடம் மூலதனச் செலவு. அதன் வழக்கமான பராமரிப்போ வருவாய்ச் செலவு. மத்திய அரசும் தமிழகமும் 2003-இல் நிதிப்பொறுப்புச் சட்டங்களை இயற்றிய பிறகு, வருவாய்ப் பற்றாக்குறையைக் குறைக்க வேண்டிய நெருக்கடி எழும்போதெல்லாம் முதலில் கைவைக்க எளிதான இனம் பராமரிப்புதான். சம்பளத்தையும் வட்டியையும் தள்ளிப்போட முடியாது. சாயத்தைத் தள்ளிப்போடலாம், யாரும் கேட்கமாட்டார்கள்.

மாற்று வழி உண்டு என்பதற்கு நார்வே சான்று. அங்குள்ள போர்குண்ட் மரத் தேவாலயம் பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்தது. பனியிலும் மழையிலும் எண்ணூறு ஆண்டுகளாக நிற்கும் அதன் மரம் தேக்கல்ல, பைன். காலந்தோறும் அதன் மேல் பைன் மரத்தாரைப் பூசி வந்திருக்கிறார்கள். நம் வைரம் பாய்ந்த கட்டைகளுக்கு இல்லாத ஆயுள் அந்த மென்மரத்துக்குக் கிடைத்தது, கைமாறிக் கைமாறி வந்த அந்தப் பூச்சினால்தான்.

எனவே, எந்தப் பொதுக் கட்டுமானத்துக்கும் ஒப்புதல் அளிக்கும்போதே அதன் ஆண்டுப் பராமரிப்புத் தொகையையும் நிர்ணயித்து, வேறு செலவுக்குத் திருப்ப முடியாத தனி நிதியாக ஒதுக்க வேண்டும். புதிய தேர் செய்யும் ஊர்கள், நன்கொடையில் ஒரு பகுதியை வைப்புத்தொகையாக்கி அதன் வட்டியில் ஆண்டுதோறும் தேரைக் கவனிக்கலாம். வீடுகளில் அதற்குச் சட்டம் தேவையில்லை. நாள்காட்டியில் ஒரு தேதியைக் குறித்துவைத்தால் போதும்.

கடந்த மாசியில் எங்கள் தூண்களுக்கு இரண்டாம் முறை சாயம் பூசினோம். விடுமுறைக்கு வந்திருந்த பேரனிடம் துணிச் சுருளைக் கொடுத்தேன். அவனுக்கு நான் விட்டுச்செல்லும் தூண்களின் ஆயுள், தேக்கின் தரத்தைவிட அந்தப் பழக்கத்தைப் பொறுத்தே அமையும்.

கட்டுரையாளர்: பேராசிரியர் (ஓய்வு).