எது முதலில் வந்தது?

பெரம்பூர் ஸ்டேஷனில் காலை மின்சார ரயிலுக்கு நிற்கும் ஒரு பெண்ணிடம் தூக்கம், கடன், வீட்டுச் சண்டை எல்லாவற்றையும் ஒரே நாளில் கேட்டால் என்ன தெரியும்? கடனும் மனச்சோர்வும் சேர்ந்திருப்பது தெரியும். கடனால் சோர்வா, சோர்ந்துபோய் வேலைக்குப் போகாததால் கடனா? அது தெரியாது.

அதனால்தான் ஆய்வாளர்கள் காத்திருக்கிறார்கள். கோவாவில் மனநல மருத்துவர் விக்ரம் படேலின் குழுவினர் 18 முதல் 50 வயது வரையுள்ள 2,494 பெண்களைச் சந்தித்தார்கள். அப்போது பதற்றமோ மனச்சோர்வோ இல்லாதவர்களை 12 மாதம் கழித்து மறுபடி போய்ப் பார்த்தார்கள். 2006இல் முடிவு வெளியானது. ஓராண்டில் புதிதாகப் பதற்றமோ மனச்சோர்வோ கண்டவர்கள் 1.8 சதவீதம். வறுமை, நாள்பட்ட உடல்நோய், புகையிலை, வெள்ளைப்படுதல் ஆகியவை இவர்களிடம் முன்பே அதிகம் இருந்தன. மணமாகாதவர்களைவிட மணமானவர்களுக்கே ஆபத்து கூடுதல். 'கல்யாணம் பண்ணிவெச்சா சரியாயிடும்' என்கிற பெரியவர்கள் இதைக் கவனிக்கலாம்.

இம்மாதிரி ஆய்வுகளில் ஒரு சிக்கல் உண்டு. வாடகை கட்ட முடியாமல் வீடு மாறிப்போகிறவர்கள் இரண்டாம் சந்திப்பில் கிடைக்கமாட்டார்கள். கஷ்டப்படுகிறவர்களே அதிகம் நழுவினால், கணக்கு உண்மையைவிடக் குறைத்தே காட்டும்.