பரோக் இசையும் தமிழ்ச் சொல்லும்

'பரோக்' என்னும் பெயர், வடிவம் கோணிய முத்தைக் குறிக்கும் போர்த்துகீசியச் சொல்லினின்று பிறந்ததென்பர். அணிகள் அளவிறந்தன என்று இகழ்வதற்கு இட்ட பெயர், ஏறத்தாழ 1600 முதல் 1750 வரை ஐரோப்பாவில் தழைத்த இசைக்கே உரிய பெயராகப் பின்னர் நிலைத்துவிட்டது. இவ்விசை நமக்கு முற்றும் அயலது என எண்ணற்க. அதன் ஒரு கிளை முந்நூறு ஆண்டுகளாகத் தமிழிலேயே பாடப்பட்டு வருகிறது. அப்பொழுது தமிழ்ச் சொல்லுக்கு நேர்ந்தது யாது என்பதைத் தமிழாசிரியர் அறிதல் நன்று.

இசையின் இயல்பு

முந்திய காலத்துப் பாடல்களில் பல குரல்கள் ஒன்றோடொன்று பின்னிச் சென்றமையால், சொற்கள் செவிக்குத் தெளிவாகப் புலப்படவில்லை. இசை சொல்லுக்கு ஏவல் செய்தல் வேண்டும் என்று இத்தாலியர் சிலர் வாதிட்டனர். மான்டெவெர்டி 1607இல் அரங்கேற்றிய 'ஒர்ஃபெயோ' இக்கொள்கையின் பெரும்பயன் எனலாம்.

மேலே ஒரு குரல் தெளிவாக ஒலிக்க, கீழே ஓர் அடிக்குரல் இடையறாது தொடர்தல் இவ்விசையின் முதல் இயல்பு. செல்லோ போன்ற கருவி அடிச்சுரங்களை இசைக்கும். ஹார்ப்சிகார்டு வாசிப்பவர் அச்சுரங்களுக்கு இட்ட எண்களை நோக்கி, இடையில் வேண்டும் சுரங்களைத் தாமே நிரப்புவார். ஒரு பகுதிக்கு ஓர் உணர்ச்சியே உரியது என்பது மற்றோர் இயல்பு. எண்வகை மெய்ப்பாடு பயின்ற நமக்கு இது எளிதில் விளங்கும்.

குரலிசை வகைகள்

கதையைப் பேச்சுநடையில் கூறிச் செல்வது 'ரெசிட்டட்டிவ்'. தாளக்கட்டுக்கு அடங்காமல் சொல்லின் போக்கில் செல்வதால், இது நம் விருத்தத்தை நினைவூட்டும். கதை நின்று உணர்ச்சி பெருகும் இடத்தில் வருவது 'ஆரியா'. அதன் முதற்பகுதி, இடைப்பகுதிக்குப் பின் மீண்டும் வரும். அப்போது பாடகர் தம் திறத்தால் அதனை அணிசெய்வார். பலர் கூடிப் பாடுவது 'கோரஸ்'.

இவை நடிப்போடு சேர்ந்தால் 'ஆப்பரா'. நடிப்பின்றிப் பெரும்பாலும் சமயக் கதை கூறினால் 'ஒரட்டோரியோ'. ஹாண்டெலின் 'மெசையா' 1742இல் டப்ளின் நகரில் அரங்கேறியது. அவர் காலத்தில் வாழ்ந்த சீர்காழி அருணாசலக் கவிராயர் (1711–1779) விருத்தமும் தருவும் விரவ இராம நாடகம் இயற்றியமை ஒப்பு நோக்கத்தக்கது. ஒரட்டோரியோவினும் சிறியது 'கான்டாட்டா'. இயேசுவின் பாடுகளைக் கூறுவது 'பேஷன்'; பாக் இயற்றிய மத்தேயு பேஷன் 1727இல் பாடப்பெற்றது. இவற்றிடையே வரும் 'கோரால்' என்பது, லூத்தர் காலந்தொட்டுச் சபையார் அனைவரும் பாடிவந்த எளிய மெட்டு. தமிழகம் புகுந்தது இக்கிளையே.

தரங்கம்பாடி முதல்

ஹாண்டெல் 1685இல் பிறந்த ஹாலே நகரில் கல்வி பயின்ற சீகன்பால்கு, 1706இல் தரங்கம்பாடி வந்தார். ஜெர்மானியப் பாடல்கள் தமிழாக்கப்பட்டு, அவ்வந்நாட்டு மெட்டிலேயே பாடப்பட்டன. பின்வந்த பப்ரீஷியசும் இப்பணியில் உழைத்தார். ஞானப்பாட்டு என்றும் பாமாலை என்றும் வழங்குவன இம்மரபினவே.

இடர் இங்கேதான் எழுந்தது. ஜெர்மன் யாப்பு அழுத்தத்தால் நடப்பது. தமிழ் யாப்போ குறில் நெடில் அளவால் நடப்பது. மெட்டு நீளும் இடத்தில் குறில் விழுந்தால், பாடுவோர் அதனை நெடிலாக்கி விடுவர். 'வரம்' வேண்டுவோர் 'வாரம்' வேண்டுவர். 'மனம்' தருவோர் 'மானம்' தருவர்! ஓர் அடிக்குப் பொருந்திய மெட்டு அடுத்த கண்ணிக்குப் பொருந்தாமையும் உண்டு. சொல்லைக் காக்கப் பிறந்த இசை, மொழி மாறியவுடன் சொல்லையே சிதைக்க நேர்ந்தது.

இதற்கு மறுவழி கண்டவர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864). நம் இராகங்களில் கீர்த்தனைகளும், நம் நாடக மரபில் பெத்லகேம் குறவஞ்சியும் இயற்றினார். கீர்த்தனையிலும் குறில் நீள்வதுண்டு; ஆயினும் சொல்லும் மெட்டும் உடன்பிறப்பதால், நீட்டத்தை நெடிலில் வைக்கப் புலவர்க்கு இடமுண்டு. முடிந்த மெட்டுக்குச் சொல் தேடும் மொழிபெயர்ப்பாளர்க்கு அவ்வுரிமை மிகக் குறைவு. பாமாலை, கீர்த்தனை என்னும் இரு மரபும் தமிழ்த் திருச்சபைகளில் இன்றும் வாழ்கின்றன. சிங்கப்பூரில் ஷார்ட் ஸ்திரீட், டோர்செட் ரோடு ஆகிய இடங்களில் தமிழ் ஆலயங்கள் உள்ளன. பரோக் இசையைக் கேட்க விழைவோர்க்கு விக்டோரியா இசையரங்கம் உண்டு. இரண்டையும் ஒருங்கே பயில இந்நகர் ஏற்ற இடமாகும்.

இவ்வாராய்ச்சி சமயத்தார்க்கு மட்டும் உரியதன்று. பள்ளி விழாவிற்குத் திரைப்பட மெட்டில் பாட்டுக் கட்டும் ஆசிரியர்க்கும் இதே இடர் உண்டு. எனவே, பாட்டைக் கற்பிக்குமுன் சொற்களை மெட்டின்றி வாய்விட்டுப் படிக்கச் செய்க. மெட்டு நீளும் இடங்களைக் குறித்துக்கொள்க. அங்கே குறில் நின்றால் வேறு சொல் பெய்க. பிள்ளைகள் பாட்டில் கேட்ட ஒலியையே சரியான ஒலியெனக் கொள்வர். இசையின்பத்திற்காக அவர்தம் குறில் நெடில் உணர்வை நாம் இழத்தல் தகாது.